பதினொரு சிலிண்டரும் ஒரு கையெழுத்தும்

சிலிண்டர் சோதனைக் கூடத்தில் அவருக்குத் 'தங்கக் காது' என்று பெயர். யார் வைத்த பெயர் என்று கேட்டால், "யாரோ வச்சாங்க, அதையெல்லாம் நான் கண்டுக்கறதில்ல" என்பார். வைத்தது அவரேதான். பதினெட்டு வருஷங்களுக்கு முன்னால் முதலாளி காதில் விழும்படி, "எனக்குக் காது தங்கம் சார்" என்று ஒரே ஒரு தடவை சொல்லி வைத்தார். அது வேர் பிடித்துக்கொண்டது. தற்பெருமையில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் தடவை நாம் சொல்ல வேண்டும், அப்புறம் மற்றவர்கள் சொல்லும்போது கூச்சப்பட வேண்டும். நம்மவருக்கு இரண்டுமே கைவந்த கலை. இந்தக் குட்டை இப்போது அவரே போகிற இடத்திலெல்லாம் உடைத்துக்கொண்டிருக்கிறார், அதனால் நாம் சொல்வதில் தப்பில்லை.

அவருடைய வேலை இதுதான். தீயணைப்பு வீரர்கள் புகைக்குள் நுழையும்போது முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு போவார்கள். முன்பெல்லாம் அது இரும்பு. நாலு மாடி ஏறினால் நெருப்பு அணைகிறதோ இல்லையோ, இடுப்பு போய்விடும். இப்போது கார்பன் ஃபைபர். உள்ளே மெல்லிய அலுமினியக் குடுவை, அதன்மேல் பிசினில் நனைத்த கறுப்பு இழையை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி இறுக்கியிருப்பார்கள். ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். ஆனால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல நூற்று முப்பது மடங்கு. அத்தனையையும் தாங்கிப் பிடிப்பது அந்த இழைதான். இழை நன்றாக இருக்கும்வரை சிலிண்டர் சாது. சாது மிரண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அங்கே வருகிற சிலிண்டர்களுக்கு ஆயுள் பதினைந்து வருஷம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீரை நிரப்பி, வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றி, எவ்வளவு உப்புகிறது, இறக்கியதும் பழைய உடம்புக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். அந்தத் தண்ணீர்த் தொட்டியும் வால்வு கழற்றி மாட்டுகிற வேலையும் வால்வக்காவின் பொறுப்பு. அவள் நம்மவரைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் முதலாளி முதல் வாசலில் லாரி ஓட்டி வருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் வால்வக்காதான்.

நம்மவரிடம் வருவது இரண்டு சோதனைகளுக்கு நடுவே அடிபட்ட சிலிண்டர்கள். படியில் மோதியது, வண்டியிலிருந்து உருண்டது, இரும்புக் கம்பியில் இடித்தது. இரும்புச் சிலிண்டர் அடிபட்டால் நசுங்கும், பார்த்தாலே தெரியும். இழைச் சிலிண்டர் அப்படி இல்லை. மேலே ஒரு கீறலைக் காட்டிவிட்டு, உள்ளே அடுக்கு அடுக்காக விட்டுப்போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க நம்மவர் ஒரு தேய்ந்த நாணயம் வைத்திருந்தார். அதன் விளிம்பால் சிலிண்டரை விரற்கடைக்கு விரற்கடை தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் 'ணங்' என்னும். விட்டுப்போன இடம் 'தொப்' என்னும். 'தொப்' என்றால் சிலிண்டருக்கு அன்றோடு சங்கதி முடிந்தது. 'ணங்' என்றால் மஞ்சள் சீட்டு. அதில் தேதி, 'சரி' என்று ஒரு சொல், கீழே அவருடைய கையெழுத்து.

கையெழுத்து என்றால் சாதாரணக் கையெழுத்து இல்லை. சீட்டின் ஒரு மூலையில் புறப்பட்டு, நடுவில் இரண்டு குட்டிக்கரணம் அடித்து, மறுமூலையில் இறங்க இடம் இல்லாமல் நிற்கும்.

கூடத்து விதிப்படி இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது ஆளாக வால்வக்கா இருந்தாள். "தங்கக் காது இருக்கறப்ப தகரக் காது எதுக்கு?" என்று அந்த வழக்கத்தை நிறுத்தியவர் நம்மவர்தான். முதலாளியும் தலையாட்டினார், வால்வக்காவும் வேலை மிச்சம் என்று விட்டுவிட்டாள். மஞ்சள் சீட்டு முழுவதும் ஒரே கையெழுத்துக்குச் சொந்தமானது.

இந்தக் கையெழுத்தைக் கிண்டல் செய்ய ஒருவன் பிறந்திருந்தான். அவன் நம்மவருடைய மனைவியின் தம்பி, தீயணைப்பு வீரன். நம்மவர் சோதித்து அனுப்பும் சிலிண்டர்கள் போகிற நிலையத்தில்தான் அவனுக்கு வேலை. "ஏன் அத்தான், சிலிண்டருக்குச் சீட்டு ஒட்டறீங்களா, இல்ல உங்க கையெழுத்த நிக்க வைக்கச் சிலிண்டர முட்டுக் குடுக்கறீங்களா?" என்பான். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள். நம்மவரும் சிரிப்பார். அன்றைக்கு முழுக்க உள்ளுக்குள் கருவிக்கொண்டே இருப்பார். ஊரே மதிக்கிறது, இந்தப் பயலுக்கு மட்டும் நம்மைக் கண்டால் இளக்காரம் என்று அவருக்கு ஒரு தீராத குறை.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததும் கீச்கீச்சென்று கூப்பிடும். அது கூப்பிடவே இல்லை என்று நம்மவர் பழுது பார்ப்பவரை வரவழைத்தார். அவர் வந்து ஓட்டிக் காட்டினார். மனைவி தலையாட்டினாள், பக்கத்து வீட்டுக் குழந்தை எட்டிப் பார்த்தது. "சத்தம் கொஞ்சம் வீக்கா இருக்கு" என்றார் நம்மவர். பழுது பார்ப்பவர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் டிவிக்காரர்கள் எல்லாம் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர்கள் வாய்க்குள்ளேயே பேசினார்கள். உலகமே குரலைத் தாழ்த்திக்கொண்டதே, என்ன அடக்கம் என்று நினைத்தார்.

"ஒரு தடவ காது டாக்டரப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"தங்கத்துக்குத் துருப் பிடிக்குமா?"

"தங்கமா இருந்தாப் பிடிக்காதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

இருபத்திரண்டு வருஷம் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றவர். சிலிண்டரிலிருந்து காற்றை வெளியேற்றும்போது மற்றவர்கள் காதில் அடைப்பான் செருகிக்கொள்வார்கள். நம்மவர் செருக மாட்டார். காதை வைத்துப் பிழைக்கிறவன் காதை மூடலாமா என்பது அவர் கட்சி. சமையல்காரன் நாக்கைக் காப்பாற்ற வாயைத் திறந்துகொண்டே அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி என்று இப்போது அவரே சொல்கிறார்.

வருஷத்துக்கு ஒரு தடவை அந்த நிலையத்தில் நம்மவர் பாதுகாப்பு வகுப்பு எடுப்பார். அந்த நாள் அவருக்குக் கல்யாண நாளைவிட முக்கியம். காலையிலேயே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தள்ளுபடி செய்த பழைய சிலிண்டர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதில் உள்ளே இழை விட்டுப்போன இடத்தைச் சுற்றி வெள்ளைச் சாக்பீஸால் வட்டம் போட்டிருப்பார். இந்த வருஷமும் அப்படித்தான் போனார்.

நிலையத்தின் வண்டிக் கொட்டகையில் இருபது பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். நம்மவர் பார்க்க வேண்டும் என்பதற்காகக் காற்று நிரப்பிய சிலிண்டர்களையெல்லாம் வண்டிகளிலிருந்து இறக்கிச் சுவரோரத் தட்டில் வரிசையாக வைத்திருந்தார்கள். நிலைய அதிகாரி முன்வரிசையில். மைத்துனன் கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு.

நம்மவர் வட்டத்துக்கு வெளியே தட்டினார். "இது நல்ல இடம். ணங்குன்னு கேக்குதா?"

"கேக்குது சார்!"

வட்டத்துக்குள் தட்டினார். "இது செத்த இடம். தொப்புன்னு கேக்குதா?"

"கேக்குது சார்!"

"இந்த வித்தியாசத்தக் கண்டுபிடிக்க எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு" என்றார் பெருமையோடு.

தட்டில் ஒரு சிலிண்டரில் யாரோ பெயின்டால் புலி வரைந்திருந்தார்கள். அதைக் கையில் தூக்கிப் பிடித்தார். "புலி அழகாத்தான் இருக்கு. புலிக்கு அடியில வெட்டு இருந்தா யார் பாக்கறது? பெயின்ட்ல இருக்கிற தின்னர் பிசினையே அரிச்சுடும். யார் வரைஞ்சது, கை தூக்கு." யாரும் தூக்கவில்லை. புலி மட்டும் அவரை முறைத்தது. பிறகு வரிசையாகச் சொன்னார். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விடாதே. தரையில் இழுக்காதே. அவசர அவசரமாகக் காற்று ஏற்றாதே, சூடேறும். விழுந்தால் மறைக்காதே, கொண்டு வந்து கொடு.

"பதினஞ்சு வருஷம்னா பதினஞ்சு வருஷம்தான். அதுக்கப்பறம் ஒரு நாள் கூடக் கிடையாது. பாக்க நல்லாத்தான இருக்குன்னு வச்சுக்கிட்டா அதுதான் ஆபத்து. தான் கெட்டுப்போனது அதுக்கே தெரியாது. நாமதான் தெரிஞ்சுக்கணும்."

இதைச் சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது என்பதையும் மறைக்காமல் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்தது செய்முறை. கால்வாசிக்கும் குறைவாகக் காற்று இருந்த ஒரு கருவியை முதுகில் மாட்டி, முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். காற்று ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் கருவியில் இருக்கும் விசில் தானாக அடிக்கும். 'சரக்கு தீர்ந்துகொண்டிருக்கிறது, கிளம்பு' என்று அதற்கு அர்த்தம். எவ்வளவு புகையிலும் கூச்சலிலும் கேட்க வேண்டும் என்று செய்த விசில் அது. கேட்டால் மண்டைக்குள் ஊசி இறங்கும்.

கொஞ்ச நேரத்தில் விசில் அடிக்க ஆரம்பித்தது.

நம்மவர் பேசிக்கொண்டிருந்தார். எங்கோ தெருக்கோடியில் ஏதோ வண்டி போகிற மாதிரி லேசாக ஒன்று அவருக்கும் கேட்கத்தான் செய்தது. முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்ன, நான் சொல்றது கசக்குதா?" என்று அதட்டினார் நம்மவர். காதைப் பொத்தியவர் பட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க, விசில் அடிச்சா என்ன செய்யணும்?"

"வெளிய வரணும் சார்!" என்று எல்லோரும் விசிலுக்கு மேலே கத்தினார்கள்.

"எப்ப வரணும்?"

"உடனே சார்!"

"வராம அங்கயே நின்னுக்கிட்டு இருக்கிறவன என்னன்னு சொல்றது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது ஏதோ சோதனை, வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்தார்கள். நிலைய அதிகாரியே பேனாவை எடுத்துக் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"வருஷா வருஷம் தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன். என்ன பிரயோஜனம்? செவிடன் காதுல ஊதின சங்குதான்!"

கொட்டகை அதிர்ந்தது. இருபது பேரும் பெஞ்சில் புரண்டு புரண்டு சிரித்தார்கள். தன் நகைச்சுவை இவ்வளவு எடுபடும் என்று நம்மவர் எதிர்பார்க்கவில்லை. கிடைத்த கைதட்டலை விட மனசில்லாமல் சங்கு ஊதுகிற மாதிரி கையை வைத்து அதையே இன்னொரு தடவை சொன்னார்.

அதற்கப்புறம் ஏழெட்டு நிமிஷம் கழித்து மூச்சு இழுத்தார், வரவில்லை. முகமூடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. கண் பிதுங்குவதற்குள் கடைசி வரிசையிலிருந்து மைத்துனன் ஓடி வந்து முகமூடியைக் கழற்றினான். மார்புப் பக்கம் தொங்கிய மீட்டரைத் தூக்கிக் காட்டினான். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

"அத்தான், பத்து நிமிஷமா விசில் அடிச்சு ஓஞ்சே போச்சு."

நம்மவருக்கு வியர்த்தது. ஆனால் வாய் அவரைக் கைவிட்டதே இல்லை. "தெரியும்டா. வேணும்னேதான் நின்னேன். எவன் எழுந்து வர்றான்னு பாத்தேன். இருபது பேர்ல ஒருத்தன்தான் வந்தான்!" என்று சபையைப் பார்த்து விரலை நீட்டினார். நிலைய அதிகாரி எழுந்து கைதட்டினார். இருபது பேரும் வெட்கப்பட்டார்கள். மைத்துனன் மட்டும் கைதட்டாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். "சிலிண்டர வச்சுட்டு வந்துடறேன்" என்று நம்மவர் பக்கத்துச் சாமான் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

தள்ளுபடிச் சிலிண்டரை ஒரு மேசைமேல் வைத்தார். கைக்குட்டையால் சாக்பீஸ் வட்டத்தை அழித்தார். கண்ணை மூடிக்கொண்டு சிலிண்டரை மூன்று நாலு சுற்று உருட்டிவிட்டு, நாணயத்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். தொக். தொக். தொக். ஒரு முழுச் சுற்று வந்தார். தொக், தொக், தொக். காதை ஒட்ட வைத்துக்கொண்டு இன்னொரு சுற்று வந்தார். எது நல்ல இடம், எது செத்த இடம்? தெரியவில்லை. எல்லாமே கதவை விரலால் தட்டுகிற சத்தம். அப்படியானால் இத்தனை நாளாக அவர் கேட்ட 'ணங்'? அது வட்டத்தைக் கண் பார்த்து மனசு போட்டுக்கொண்ட ஓசை. வட்டம் இல்லாத சிலிண்டர்களில், பார்க்க நன்றாக இருந்தவை எல்லாவற்றிலும் அவருக்கு 'ணங்' கேட்டிருக்கிறது.

ஸ்டூலில் உட்கார்ந்தார்.

துணி துவைக்கும் இயந்திரம் கூப்பிடுவது அவருக்குக் கேட்காமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்தில் இந்த நிலையத்துக்கு அவர் தட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சிலிண்டர்கள் எத்தனை? கையடக்க நோட்டைப் புரட்டினார். பதினொன்று. பதினொன்றும் அடிபட்டு வந்தவை. பதினொன்றும் காற்று நிரப்பித் தட்டில் இருக்கின்றன. யாரோ ஒருவர் முதுகில் ஏறி நெருப்புக்குள் போகப்போகின்றன. அதில் மைத்துனன் முதுகும் ஒன்று.

மனிதனுக்கு இந்த நேரத்தில் வர வேண்டிய முதல் நினைப்பு என்ன? 'ஓடிப்போய்ச் சொல்' என்பதுதானே? நம்மவருக்கு வந்தது அது இல்லை. 'யாருக்கும் தெரியாமல் எப்படித் திரும்ப வாங்கலாம்' என்பதுதான் வந்தது. நாளைக்கு போன் செய்யலாம். "ஒரு சின்ன மறுபார்வை, புது விதி வந்திருக்கு" என்று சொல்லிப் பதினொன்றையும் லாரியில் ஏற்றிக்கொள்ளலாம். வால்வக்காவைத் தட்டச் சொல்லலாம், அவளுக்குப் பயிற்சி என்று பேர் பண்ணலாம். காது தங்கமாகவே இருக்கும், காரியமும் முடியும். இந்த யோசனையில் அவருக்கு ஒரு திருப்தியே வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ ஆறியிருக்குமே என்ற கவலையோடு கதவைத் திறந்தார்.

ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைச் சுவரில் சிவப்பு விளக்கு சுழன்றது. அதைப் பார்த்த பிறகுதான் மணி அடிப்பதே அவருக்கு உறைத்தது. மெத்தைக் கிடங்கில் தீ, உள்ளே ஆட்கள் இருக்கலாம் என்று யாரோ கத்தினார். வண்டி உறுமியது. ஒவ்வொருவரும் தட்டிலிருந்து கைக்கு வந்த சிலிண்டரை எடுத்துக் கருவியில் பொருத்திக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் மட்டும் குனிந்து வரிசையில் எதையோ தேடி, மஞ்சள் சீட்டு ஒட்டிய ஒன்றை இழுத்து எடுத்தான்.

நாளைக்கு என்பது அப்போதே செத்துப்போனது.

நம்மவர் ஓடிப்போய் அவன் தோள்வாரைப் பிடித்துக்கொண்டார். "எடுக்காத! அத எடுக்காத!"

"விடுங்க அத்தான், நேரமில்ல!"

"மஞ்சச் சீட்டு இருக்கிறத யாரும் எடுக்காதீங்க! கீழ வைங்க!"

நிலைய அதிகாரி வண்டிப் படியிலிருந்து திரும்பினார். "ஏன்? நீங்கதான சரின்னு போட்டுக் குடுத்தீங்க?"

வாயைத் திறந்தார். பொய்கள் வரிசையில் நின்றன. புது விதி, காகிதத்தில் ஒரு பிழை, முதலாளியின் உத்தரவு. ஒவ்வொன்றும் நல்ல பொய்தான், ஆனால் எதைச் சொன்னாலும் விளக்க இரண்டு நிமிஷம் வேண்டும். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. மைத்துனன் வாரை இழுத்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக நம்மவருக்குப் பொய் சொல்ல நேரம் இல்லாமல் போயிற்று.

"எனக்குக் காது கேக்கல சார்" என்றார். "ரெண்டு வருஷமாவே கேக்கல போல. விசிலும் எனக்குக் கேக்கல, சோதனன்னு சொன்னது பொய். இதையெல்லாம் தட்டினப்பவும் எனக்கு ஒண்ணும் கேக்கல. கேட்ட மாதிரி கையெழுத்துப் போட்டுட்டேன். என் கையெழுத்து இருக்கிற எதையும் தொடாதீங்க!"

இருபது பேரும் ஒரு கணம் அப்படியே நின்றார்கள். அந்த ஒரு கணத்தில் அவர் எதிர்பார்த்தது சிரிப்பு. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"சீட்டு இல்லாதத எடு! சீக்கிரம்!" என்று நிலைய அதிகாரி கத்தினார். சிலிண்டர்கள் கை மாறின. மைத்துனன் கையில் இருந்ததை நம்மவருடைய மார்பில் வைத்துத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு ஓடினான். வண்டிகள் போய்விட்டன. கொட்டகையில் நம்மவரும் பதினொரு கையெழுத்துகளும் மிஞ்சின.

வால்வக்காவுக்கு போன் செய்தார். "ஒரு நாணயம் எடுத்துக்கிட்டு உடனே வா. முதலாளிகிட்ட நான் செவிடுன்னு சொல்லிட்டு வா."

"என்னண்ணே?"

"செவிடு! செவிடு!" என்று காவலாளி திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

அவள் வருவதற்குள் பதினொன்றையும் கொட்டகைக்குப் பின்னால் வெட்டவெளிக்கு ஒவ்வொன்றாக, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் போனார். வால்வை மெல்ல மெல்லத் திருகிக் காற்றை வெளியேற்றினார். கட்டாயம் பெரிய சீற்றமாகத்தான் இருந்திருக்கும். அவர் உள்ளங்கையை நீட்டிக் காற்று படுகிறதா, நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டார். பதினொன்றும் காலியாக ஒரு மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்கக் கிடங்குக்குள் போன மைத்துனனையே நினைத்துக்கொண்டிருந்தார்.

வால்வக்கா வந்தாள். தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். நம்மவர் எதிரே உட்கார்ந்து, நாணயத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் சொல்வதை எழுதினார். முதல் ஆறும் சரி. ஏழாவதில் கழுத்துக்குக் கீழே வந்ததும் அவள் கை நின்றது. திரும்பத் தட்டினாள். தள்ளித் தட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அண்ணே, இது நிஜமாவே உங்களுக்குக் கேக்கலயா?"

"மோசமா இருக்கா?"

"குப்பத் தொட்டியத் தட்டின மாதிரி இருக்கு."

சாக்பீஸால் வட்டம் போட்டாள். உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. பத்தாவதில் இன்னொரு வட்டம், அது சின்னது. மற்றவை எல்லாம் சரி. பதினொன்றில் ஒன்பதைக் காப்பாற்றியது தன் காது இல்லை, அதிர்ஷ்டம் என்று நம்மவர் கணக்குப் போட்டார்.

"ரெண்டாவது ஆள் வேணாம்னு நீங்க சொன்னப்ப நானும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்" என்றாள் வால்வக்கா. "தப்புல எனக்கும் பங்கு இருக்குண்ணே."

"இதுலயாவது எனக்கு முழுசா விட்டுக் குடு" என்றார். சிரிக்க முயன்றார், உதடு ஒத்துழைக்கவில்லை.

ஏழாவது சிலிண்டரின் எண்ணை அவர் நோட்டில் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. மைத்துனன் அவர் மார்பில் வைத்துத் தள்ளிய சிலிண்டர் அது.

வண்டிகள் திரும்பியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிடங்கிலிருந்து இரண்டு பேரைத் தூக்கி வந்திருந்தார்கள், அவர்களும் பிழைத்துக்கொண்டார்கள். வீரர்கள் கொட்டகையில் கருவிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் முகமெல்லாம் கரியோடு நேரே பின்பக்கம் வந்தான்.

"என்னுது?" என்றான்.

நம்மவர் வட்டம் போட்ட ஏழாவதைக் காட்டினார். "கழுத்துக்குக் கீழ. உள்ள விட்டுப்போயிருக்கு. அடுத்த வாட்டி காத்து ஏத்தறப்பவே போயிருக்கலாம். உன் முதுகுல போயிருக்கலாம். ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது." அவன் திட்டுவான் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. இத்தனை வருஷக் கிண்டலுக்கெல்லாம் சேர்த்து இன்றைக்கு அவனுக்கு முழு உரிமை இருந்தது.

அவன் திட்டவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையுறைகளைக் கழற்றினான். வட்டத்தின் மேல் விரலை ஓட்டினான். தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னான்.

"என்னடா?"

மறுபடி அதே முணுமுணுப்பு.

"கேக்கலடா. எதுவா இருந்தாலும் சத்தமாத் திட்டு. எனக்குக் காது இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, இனி என்ன வெக்கம்?"

மைத்துனன் எழுந்தான். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தான். குனிந்து, அவர் காதோரம் வாயை வைத்து, தீயணைப்பு வண்டியே தோற்கும்படி கத்தினான்.

"தினமும் உங்க கையெழுத்து எதுல இருக்குன்னு தேடித்தான் அத்தான் எடுப்பேன்! அது இல்லாம நான் உள்ள போனதே இல்ல! இன்னிக்குத்தான் மொத தடவ பயந்துக்கிட்டே போனேன்!"

கொட்டகையில் கருவி கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். வால்வக்கா வேறு பக்கம் பார்த்தாள். கரி பூசிய முகத்திலும் அவனுக்கு வெட்கம் தெரிந்தது. நம்மவருக்கு இந்தத் தடவை எல்லாம் கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. கேட்டுவிட்டது என்று தலையை மட்டும் ஆட்டினார்.